பென்னாகரம் பக்கத்து ஊர்ச் சாலைக்கு ஊக்க நிதி வாங்கினால் கடன் யார் தலையில் விழும்?

ஊர்ச் சாலையை அகலப்படுத்த ஒன்றிய அரசின் ஊக்க நிதியைக் கேட்கலாமா, அது கடன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கடன்தான், ஆனால் வட்டி கிடையாது. கொரோனாவில் பொருளாதாரம் படுத்தபோது, 2020 அக்டோபரில், மாநிலங்களுக்கு 12,000 கோடி ரூபாய் ஒதுக்கித் தொடங்கிய திட்டம் இது. திருப்பிச் செலுத்த 50 ஆண்டு. அடைக்க வேண்டியது மாநில அரசு, உங்கள் ஊராட்சி அல்ல.

என் கவலை வேறு. முதல் ஆண்டிலேயே 2021 மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடு நெருங்கினால் நிலம் எடுக்கும் வேலை தள்ளிப்போகும். இருக்கிற அகலத்திலேயே தார் போட்டுக் கணக்கை முடிக்கத் தோன்றும். வடிகாலும் சிறுபாலமும் இல்லாத தார் ஐப்பசி மழைக்கு நிற்காது.

அப்புறம், தொப்பூர் கணவாயில் இவ்வளவு விபத்து நடக்கிறதே, பணத்தை அங்கே போடலாமே என்கிறார்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலை 44, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. நீங்கள் விட்டுக்கொடுப்பதால் பணம் அங்கே போய்விடாது.

கிராம சபையில் மதிப்பீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வடிகால் சேர்ந்திருக்கிறதா, நிலம் கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும். அதே நிபந்தனையை இதற்கும் கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள்.