கொய்யாப்பழத்தில் இருந்த புழுவை விழுங்கிவிட்டால்?

கேள்வி: என் ஐந்து வயது மகள் பாதிக் கொய்யாப்பழம் தின்ற பிறகுதான் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிவதைப் பார்த்தேன். சிலவற்றை விழுங்கியிருப்பாள். வயிற்றில் வளருமா? மூளைக்குப் போய்விடும் என்கிறார்கள் வீட்டில். பூச்சி மாத்திரை தரட்டுமா?

பதில்: பயப்படாதீர்கள். அது பழ ஈயின் புழு. காய் பழுக்கும் பருவத்தில் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. அந்தப் புழு வளரப் பழச்சதை வேண்டும், அப்புறம் கூட்டுப்புழுவாக மாற மண் வேண்டும். வயிற்றில் அது செத்து, சோற்றோடு சேர்ந்து செரித்துவிடும். கத்தரிக்காய்ப் புழுவும் காலிஃபிளவர் புழுவும் அப்படித்தான். இதற்காக மாத்திரை தேவையில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் (பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10) தரும் அல்பெண்டசோலை மட்டும் தவறவிடாதீர்கள்.

நம் உடலில் குடியிருக்கும் புழுக்களே வேறு. அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல்தான் உள்ளே வருகின்றன. நாக்குப்பூச்சியின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்கள் முதிர்ந்த பிறகே தொற்றும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும்.

மூளைக்குப் போகும் புழு என்பது கட்டுக்கதை அல்ல. குடலில் பன்றி நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போகலாம். அவற்றிலிருந்து வரும் இளம்புழுக்கள் இரத்தத்தில் கலந்து மூளையில் தங்கினால் வலிப்பு வரும். முட்டைக்கோஸில் நெளியும் பச்சைப் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் புழுவை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு, கோஸைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

இனி மலத்தில் ஏதாவது தெரிந்தால் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில் வெள்ளை நூலாக நெளிந்து, இரவில் ஆசனவாயில் அரிப்பும் இருந்தால் அது கீரிப்பூச்சி. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம். ஒரு சாண் நீளத்துக்கு உருண்டையாக இருந்தால் நாக்குப்பூச்சி. தட்டையான வெள்ளைத் துண்டுகள் நாடாப்புழுவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். வாழைப்பழம் தின்ற மறுநாள் வரும் கறுப்பு இழைகள் பழத்தின் நார்தான். குளியலறைத் தரையில் ஊர்பவை பெரும்பாலும் சாக்கடை ஈயின் புழுக்கள். எது என்று புரியாவிட்டால் சிறிய டப்பாவில் போட்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.