பூஞ்சைத் தடுப்பூசி இருக்கட்டும், அந்தக் கை நடுக்கம் எப்போதிலிருந்து?

கேள்வி: என் தம்பிக்கு 41 வயது. நான்கு மாதத்துக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தது நான்தான். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் சாப்பிடுகிறார். இப்போது சர்க்கரையும் வந்துவிட்டது. கறுப்புப் பூஞ்சையில் கண் போன ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் தூக்கமே இல்லை. பூஞ்சைக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கே கிடைக்கும்? தம்பிக்கு நாக்கு வெள்ளையாக இருக்கிறது. காலையில் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்த்தோம், நூல் நூலாக இறங்கியது. கால் நகம் மஞ்சளாகிவிட்டது. குளியலறைச் சுவரில் கறுப்புப் படலம். காளானும் பூஞ்சைதானே, அதைச் சாப்பிடலாமா? தொடையில் படர்தாமரை வந்ததால் மருந்துக் கடையில் கேட்டு இட்ராகோனசோல் கேப்சூல் பத்து நாளாகக் கொடுக்கிறேன். உள்ளே பூஞ்சை வராமலும் அது தடுக்கும் என்று படித்தேன். நான்கைந்து நாளாகத் தம்பிக்குக் கை லேசாக நடுங்குகிறது. சத்துக் குறைவா?

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பதிலின் முதல் பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தனியாக வந்திருக்கும். வாரக்கணக்கில் காத்திருக்கிற விஷயம் இல்லை என்பதால் அப்போதே அனுப்பிவிட்டேன்.

அது சத்துக் குறைவு இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் ஏறிப்போயிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த மருந்தைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியே அனுப்புகிறது. இட்ராகோனசோல் அதே நொதியை முடக்கிவிடும். மாத்திரை எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் உள்ளே தங்கும் மருந்து பெருகிக்கொண்டே போகும். நாங்களே ஒரு மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு இட்ராகோனசோல் தொடங்க வேண்டி வந்தால், டாக்ரோலிமஸைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிட்டு, சில நாளுக்கு ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டேதான் கொடுப்போம். நீங்கள் பத்து நாள் எதுவும் பார்க்காமல் கொடுத்திருக்கிறீர்கள்.

டாக்ரோலிமஸ் அதிகமானால் முதலில் விரல்தான் நடுங்கும். டம்ளரைப் பிடிக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, கையெழுத்துப் போடும்போது தெரியும். அப்புறம் தலைவலி, தூக்கமின்மை. வெளியே தெரியாத வேலை சிறுநீரகத்தில் நடக்கும். அதற்குள் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறும், பொட்டாசியம் ஏறும். சர்க்கரையும் கூடும். நீங்கள் கொடுத்த சிறுநீரகத்தைப் பூஞ்சை கொண்டுபோய்விடுமோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இன்றைக்கு அதற்கு ஆபத்து அந்தக் கேப்சூல் அட்டையிலிருந்துதான் வருகிறது.

அடுத்த கேப்சூலைக் கொடுக்காதீர்கள். இன்றைக்கே மாற்று சிகிச்சை செய்த குழுவைக் கூப்பிட்டு “இட்ராகோனசோல் பத்து நாள், இப்போது கை நடுக்கம்” என்று சொல்லுங்கள். இரவானாலும் விடுமுறையானாலும் பரவாயில்லை. அவர்கள் டாக்ரோலிமஸ் அளவு, கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்ப்பார்கள். டாக்ரோலிமஸ் அளவுக்கு ரத்தம் எடுப்பது வழக்கமாகக் காலை மாத்திரைக்கு முன்னால். அதனால் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். டாக்ரோலிமஸை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இட்ராகோனசோல் நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போய்விடாது, ஒன்றிரண்டு வாரம் மெல்ல மெல்ல வடியும். அது வடிய வடிய டாக்ரோலிமஸ் அளவும் இறங்கும். அந்தச் சமயம் மாத்திரையைக் குறைத்து வைத்திருந்தால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையோடு வேலை முடியாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

படர்தாமரை என்று சொல்லிக் கடையில் மருந்து கேட்டால் கடைக்காரர் படர்தாமரைக்குத்தான் மருந்து கொடுப்பார். மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது என்று யாராவது சொன்னீர்களா? படர்தாமரைக்குப் பெரும்பாலும் மேலே பூசும் பூஞ்சைக் களிம்பு போதும், எது என்று உங்கள் டாக்டர் சொல்வார். ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம். முதல் வாரம் அரிப்பை அடக்கிவிட்டு அப்புறம் இரட்டிப்பாகப் பரப்பும்.

சரி, தடுப்பூசி. மனிதர்களுக்கு வரும் எந்தப் பூஞ்சை நோய்க்கும் அனுமதி பெற்ற தடுப்பூசி உலகில் எங்கேயும் இல்லை. பணம் கட்டினால் வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். மாடுகளுக்குப் படர்தாமரைத் தடுப்பூசி பல ஆண்டுகளாக இருக்கிறது. மனிதர்களுக்குத்தான் கைகூடவில்லை.

நீங்கள் பார்த்த வீடியோ, அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். பல பூஞ்சைகளுக்குப் பொதுவான ஒரு புரதத் துண்டை வைத்து ஊசி தயாரித்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கிவைத்த எலிகளையும் குரங்குகளையும்கூட அது ஓரளவு காத்தது என்று 2022இல் முடிவுகள் வந்தன. நல்ல செய்திதான். ஆனால் ஆஸ்பெர்ஜிலஸ், கேண்டிடா, நியூமோசிஸ்டிஸ் ஆகிய மூன்று பூஞ்சைகளுக்கு எதிராகத்தான் அதைச் சோதித்தார்கள். நீங்கள் பயப்படும் கறுப்புப் பூஞ்சை அந்த மூன்றில் இல்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் நின்றுபோன ஊசிகளும் நிறைய. 1980களில் கலிபோர்னியா, அரிசோனா பகுதி மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சையைக் கொன்று ஊசியாக்கி ஏறக்குறைய 3,000 பேரிடம் சோதித்தார்கள். விலங்குகளை அது அருமையாகக் காத்திருந்தது. மனிதர்களுக்கோ போட்ட இடம் வீங்கி வலித்ததால் அளவைக் கூட்ட முடியவில்லை, கொடுத்த அளவு பாதுகாக்கவும் இல்லை. கேண்டிடா நம் செல்களைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தை வைத்துச் செய்த இன்னோர் ஊசி, திரும்பத் திரும்பப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் பெண்களிடம் சோதிக்கப்பட்டது. 2018இல் வந்த முடிவுகளின்படி 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன். ரத்தத்துக்குள் புகும் பூஞ்சையை அது தடுக்குமா என்பது வேறு கேள்வி.

ஏன் இத்தனை சிரமம்? பாக்டீரியா நமக்கு அந்நியன், பூஞ்சை தூரத்துச் சொந்தம். அதன் செல் அமைப்பு நம்முடையதை ஒத்திருக்கிறது. அதைத் தாக்கி நம்மை விட்டுவைக்கும் இலக்குகள் குறைவு. கேண்டிடா நம்மில் பலருடைய குடலில் சும்மா குடியிருப்பது, அதை அடியோடு துரத்துவதும் நோக்கம் இல்லை. இதையெல்லாம் தாண்டிப் பெரிய முட்டுக்கட்டை உங்கள் தம்பியைப் போன்றவர்களிடம்தான். தடுப்பூசி செய்வது பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய டி செல்களை, அதாவது எதிர்ப்பு சக்தியின் வெள்ளை அணுக்களை, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக நாங்களே மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம். ஊசி யாருக்கு மிகவும் தேவையோ, அவரிடம்தான் அது சரியாக வேலை செய்யாது. அதனால் இப்படி ஒரு ஊசி வந்தாலும், சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும்போதே போட்டுக்கொள்வதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். தம்பியின் மாத்திரைப் பெட்டியில் கோட்ரைமாக்சசோல் இருக்கிறதா பாருங்கள். பல மையங்களில் மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு மாதமோ ஓராண்டோ அதைக் கொடுப்பார்கள். பாக்டீரியா மருந்துதான், ஆனால் உங்கள் தம்பிக்கு அது முக்கியமாக நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சைக்காக. பூஞ்சைத் தடுப்பு மருந்தைத் தேடி இணையம் முழுக்க அலைந்திருக்கிறீர்கள், அது வீட்டிலேயே இருந்திருக்கலாம்! இன்னொன்று இன்ஃப்ளூயன்சா ஊசி. கடுமையான ஃப்ளூவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 432 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. அவர்களில் 19 சதவீதம் பேருக்கு நுரையீரலில் ஆஸ்பெர்ஜிலஸ் புகுந்திருந்தது. ஃப்ளூ நுரையீரலின் உள்தோலை அரித்து வழி திறந்துவிடுகிறது, பூஞ்சை அந்த வழியாக நுழைகிறது. அந்த வழியைக் கொஞ்சமாவது அடைக்கிற ஊசி இன்றைக்கே இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை. ஊசியாகப் போடும் செயலிழந்த வகை மட்டும், மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகை கூடாது. எப்போது போடலாம் என்று குழுவைக் கேளுங்கள்.

கறுப்புப் பூஞ்சைக்கு வழிவிடுவது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் (தம்பி சாப்பிடும் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டுதான்). டாக்ரோலிமஸ் அளவு சரியானால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கலாம். ஒரு பக்கக் கன்னம் வலித்தாலோ மரத்தாலோ, ஒரு பக்க மூக்கிலிருந்து ரத்தமோ கறுப்பாகவோ வந்தாலோ, ஒரு கண் வீங்கினாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலும் அப்படித்தான், தம்பிக்கு வரும் எந்தக் காய்ச்சலையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

மற்றவை. பூஞ்சையைக் காட்டும் என்று சொல்லப்படும் எச்சில் சோதனை வெறும் வேடிக்கை, யார் துப்பினாலும் நூல் இறங்கும். வெள்ளை நாக்கில் தயிர்த்திட்டு மாதிரி வழித்தால் வந்து, அடியில் சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நகம் காத்திருக்கும். குளியலறைச் சுவரைத் தம்பி தேய்க்க வேண்டாம், வேறு யாராவது தேய்க்கட்டும். காளானை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பொட்டாசியம் முடிவு வரும்வரை மட்டும் பொறுக்கட்டும், காளானில் அது கொஞ்சம் கூடுதல்.