கல்யாண வீடியோக்களை டிஸ்க்கில் எழுதி 20 வருஷம் கெடாமல் வைக்க முடியுமா? ஸ்டூடியோ கிருஷ்ணகிரியில், மேலே சிமெண்ட் ஷீட் கூரை.

முடியும், ஆனால் அந்த ஷீட்டுக்குக் கீழே வைத்தால் முடியாது. டிவிடி-ஆரில் தரவு பதிவது ஒரு சாயப்பூச்சில். எழுதும் லேசர் அதைச் சூட்டால்தான் மாற்றுகிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் அறையும் அதே வேலையை மெல்ல மெல்லச் செய்யும். கான்கிரீட் தளம் போட்ட வீட்டில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், தனித்தனிப் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம்.

இப்போதைய கல்யாண வீடியோ டிவிடியின் 4.7 ஜிபியில் எங்கே அடங்கப் போகிறது? 25 ஜிபி ப்ளூ-ரே பிடி-ஆர் வாங்குங்கள். அதில் 'எல்டிஹெச்' என்று போட்டிருந்தால் வேண்டாம், அதுவும் சாயம்தான். 'ஹெச்டிஎல்' வகையில் கனிமப் பூச்சு, வெளிச்சத்துக்கு அசையாது. அழித்து மறுபடி எழுதும் வகை (டிவிடியில் ஆர்டபிள்யூ, ப்ளூ-ரேயில் ஆர்இ) பக்கமே போகாதீர்கள்.

25 ஜிபியையும் நிரப்பாதீர்கள். 20 ஜிபிக்கு ஐஎஸ்ஓ கோப்பு (டிஸ்க்கில் எழுதப்போவது எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) உருவாக்கி, டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் மீதி இடத்தில் பிழைதிருத்தத் தரவைச் சேர்க்கும். பிறகு சில இடங்கள் படிக்காமல் போனாலும் அதை வைத்து மீட்கலாம். டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எழுதும்போது கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் குப்பைதான். எழுதி முடித்ததும், பதிந்தது சரியா என்று ஒப்பிடும் 'வெரிஃபை' கட்டாயம், முடிந்தால் வேறொரு டிரைவில் போட்டும் பாருங்கள்.

ப்ளூ-ரேயில் பதிவு அடுக்கு, பளபளக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் 0.6. பக்கத்தில் கிரானைட் பட்டறை இருந்தால் அந்தத் தூள் படிந்த டிஸ்க்கைத் துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரி. லென்ஸுக்கு வைத்திருக்கும் புளோயரால் முதலில் ஊதிவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். மாப்பிள்ளை-பெண் படம் போட்ட ஸ்டிக்கர் வாடிக்கையாளர் பிரதியோடு நிற்கட்டும்: பசை ஒரு பக்கம் உரிந்தால் சுழற்சி தள்ளாடும். பெயரும் தேதியும் நடுவளையத்தில், தண்ணீர் மையில். பெட்டியிலிருந்து எடுக்கையில் ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்காமல் நடுக்குமிழை அழுத்துங்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே மென்பொருளில் ஸ்கேன் ஓட்டுங்கள். வெளி ஓரத்தில் வேகம் தடுமாறினால், முழுசாகப் படிக்கும்போதே புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.