இளம் பாயின்டர் நாயும் முதல் கௌதாரிப் பருவமும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் குளிர்காலப் பறவை வேட்டை நெருங்கும் இவ்வேளையில், பறவையின் மணம் பிடித்ததும் அசையாமல் நின்று அது இருக்குமிடத்தைக் காட்டும் பாயின்டர் வகை நாயை முதன்முறையாக வளர்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். முதல் பருவம் முழுவதையும் நாயின் பாடத்துக்கே ஒதுக்க வேண்டும், பையில் சேரும் பறவைகளைக் கணக்கில் கொள்ளவே கூடாது என்பது என் நிலைப்பாடு. கீழுள்ள விடைகள் பலவும் அதிலிருந்தே பிறப்பவை.

ஐயா, என் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டருக்கு எட்டு மாதம் ஆகிறது. இந்த ஜூன் மாதமே அழைத்துச் செல்லலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அழைத்துச் செல்லுங்கள், ஆனால் சுடுவதற்காக அல்ல. பெரிய உடல்வாகுள்ள நாய்களின் எலும்பு வளர்ச்சி முடிய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும் என்பதால், மென்மையான புல்வெளியில் அரைமணி நேரம் ஓடினால் போதும். பக்கியின் (திறந்த பின்தட்டுள்ள சிறு வண்டியின்) பின்னால் தார்ச்சாலையில் ஓடவிட்டு உடலைத் தேற்றும் பழக்கத்தை இந்த வயதில் அறவே தவிர்க்க வேண்டும்.

எங்கள் கரும்புத் தோட்ட ஓரங்களில் கினிக்கோழியும் நட்டால் கௌதாரியும் நிறைய உண்டு. அவற்றைக் கொண்டே பழக்கினால் என்ன? (டோங்காட்)

இளம் நாய்க்கு இவ்விரண்டுமே நல்ல ஆசிரியர்கள் அல்ல. கினிக்கோழிக் கூட்டம் நாயைக் கண்டதும் பறப்பதற்கு முன் ஓடும். செம்மஞ்சள் காலும் அலகும் கொண்ட நட்டால் கௌதாரியோ புதருக்குள் நழுவிவிடும். சோளக் கொல்லைகளில் காணப்படும், முகமும் தொண்டையும் சிவந்த ஸ்வெய்ன்சன் கௌதாரியும் ஓட்டத்தில் தேர்ந்ததே. மணம் பிடித்து நின்ற நாய், தன் மூக்கின் முன்னிருந்த பறவை ஓடி மறைந்துபோவதை நான்கு முறை கண்டால், ஐந்தாம் முறை நிற்காமல் துரத்தவே முனையும்.

மேட்டுநிலப் புல்வெளிகளில் வாழும் சிற்றினங்களே இதற்கு ஏற்றவை. மிட்லண்ட்ஸ் பகுதியிலும் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்திலும் செவ்விறகுக் கௌதாரியும், கிழக்குக் கேப் மாகாணத்தின் ஸ்டோர்ம்பர்க் மலைநாட்டில் சாம்பலிறகுக் கௌதாரியும் சிறு கூட்டங்களாக வாழ்ந்து, நிலத்தைக் கிண்டிக் கிழங்குகளை உண்கின்றன. ஆபத்து நெருங்கினால் இவை புல்லோடு புல்லாக ஒட்டிப் படுத்துக்கொள்வதால், நாய் நின்றதற்கும் பறவை எழுந்ததற்கும் உள்ள தொடர்பு அதன் மனத்தில் பதிகிறது. ஆண்டுதோறும் எரித்து, ஆடுமாடுகளால் ஒட்ட மேய்க்கப்படும் நிலத்தில் செவ்விறகுக் கௌதாரி நிலைப்பதில்லை. ஆகவே பண்ணையாளரிடம் எந்தப் பகுதி இவ்வாண்டு எரிக்கப்படவில்லை என்று கேட்டுக்கொள்வது அரை வேலையை முடித்துவிடும். கண்ட கூட்டத்தை ஒரு முறை எழுப்பியதும் விட்டுவிடுங்கள். சிதறிய பறவைகளைக் கடைசி ஒன்றுவரை தேடிச் சுடுவோரிடம் எனக்கு மதிப்பில்லை.

நின்ற சில நொடிகளில் என் நாய் ஊர்ந்து முன்னேறிப் பறவையை எழுப்பிவிடுகிறது. அதட்டியும் பயனில்லை. (லேடிஸ்மித்)

அதட்டலை முதலில் நிறுத்துங்கள். பறவையின் மணம் மூக்கில் ஏறிய நாய்க்கு உங்கள் குரல் கேட்பதில்லை. கேட்டாலும் குழப்பமே மிஞ்சும்.

தொலைவிலிருந்து திறக்கக்கூடிய பறவைப் பெட்டி ஒன்றும், கூட்டுக்குத் திரும்பும் வளர்ப்புப் புறாக்கள் சிலவும் வேண்டும். பெட்டியைப் புல்லில் மறைத்து, பத்து மீட்டர் கயிற்றில் பிடித்த நாயைக் காற்றுக்குக் குறுக்காக நடத்தி வாருங்கள். மணம் பிடித்து நின்ற நாய் ஓரடி எடுத்து வைத்தாலும் அந்தக் கணமே பெட்டியைத் திறந்துவிட வேண்டும். புறா பறந்துபோகும், கயிறு துரத்தலைத் தடுக்கும், நீங்கள் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. முன்னேறினால் பறவை கிடைக்காது என்பதைப் பறவையே கற்பிக்கிறது. இதையும் அளவோடு செய்யுங்கள், ஏனெனில் கூர்மையான நாய் விரைவில் உங்கள் காலடி மணத்தையும் பெட்டியின் மணத்தையும் தொடர்ந்து போகக் கற்றுக்கொள்ளும். மின்னதிர்வு தரும் கழுத்துப் பட்டையைப் பறவைக்கு அருகில் பயன்படுத்தவே கூடாது. வலியையும் பறவை மணத்தையும் இணைத்துக்கொண்ட நாய், பிறகு மணம் பிடித்தும் பிடிக்காததுபோல விலகிப் போகத் தொடங்கும். அதைத் திருத்துவது ஊர்ந்து செல்வதைத் திருத்துவதைவிடப் பன்மடங்கு கடினம்.

புல்வெளியில் நாய் நிற்கும்போது பின்னாலிருந்து வராமல், அது உங்களைக் காணும்படி பக்கவாட்டிலிருந்து வளைந்து சென்று, பறவையை நீங்களே எழுப்புங்கள். நாய் உறுதியாக நின்று எழுந்த பறவையை மட்டுமே சுட வேண்டும். அது பாய்ந்து எழுப்பிய பறவை எவ்வளவு எளிய இலக்காக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். இயன்றால் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் நாயை மட்டும் கவனியுங்கள். இந்த விதிக்கு உடன்படாத நண்பர் இவ்வாண்டு வேறு குழுவோடு போகட்டும்.

அண்ணா, தீபாவளி வெடிச் சத்தத்தில் எங்கள் குட்டி கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடந்தது. துப்பாக்கிக்கும் அஞ்சுமா? (சாட்ஸ்வர்த்)

அஞ்சக்கூடும், சகோதரி. நம் பகுதிகளில் தீபாவளியை ஒட்டியே நவம்பர் 5-ஆம் தேதி கை ஃபாக்ஸ் வெடிகளும் வருவதால், அந்த வாரங்களில் மாலைக்கு முன்பே நாயை உள்ளறையில் வைத்து, சன்னல்களை மூடி, வானொலியை ஒலிக்கவிடுங்கள். மிகவும் அஞ்சும் நாய்க்கு முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்கலாம்.

துப்பாக்கிச் சத்தத்தைப் பழக்குவதற்குச் சில மாதங்கள் கழியட்டும். நாய் பறவையைத் துரத்தும் உற்சாகத்தில் இருக்கையில், நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து சிறு வெற்று வெடி ஒன்று போதும். அது பொருட்படுத்தாவிட்டால் மட்டும் பல வாரங்களில் படிப்படியாக நெருங்கலாம். திரும்பிப் பார்த்தாலோ வாலைத் தாழ்த்தினாலோ தொலைவைக் கூட்டுங்கள். பழகட்டும் என்று களிமண் தட்டுச் சுடும் களத்துக்கு நாயை இழுத்துச் செல்வதுதான் நல்ல நாய்களைக் கெடுக்கும் வழிகளில் முதன்மையானது.

உரிமம் என்னென்ன வேண்டும்? (டர்பன்)

துப்பாக்கிக்கு 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சுடுகருவிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் தகுதிச் சான்றிதழும் உரிமமும் வேண்டும். பருவமும் பறவை வரம்பும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், அவ்வாண்டின் அறிவிப்பையும் வேட்டை உரிமத்தையும் இங்கே எசெம்வேலோ வனவிலங்கு அமைப்பிடம் கேட்டறியுங்கள். நில உரிமையாளரின் எழுத்து அனுமதி சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நாய்களைக் கொண்டு மான்களைத் திருட்டுத்தனமாக வேட்டையாடுவோரால் மிட்லண்ட்ஸ் பண்ணையாளர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். வேலியோரம் நாயோடு நிற்கும் எவரையும் அவர்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

மணம் எப்போது நன்றாகக் கிடைக்கும்? (நியூகாஸில்)

உறைபனி உருகி நிலம் ஈரமாக இருக்கும் காலைப் பொழுதில், இளங்காற்றை எதிர்கொண்டு தேடுகையில். மலைப்பக்கமிருந்து இறங்கும் சூடான, வறண்ட பெர்க் காற்று வீசும் நாளில் நாயைக் குறை சொல்லாமல் வீடு திரும்புங்கள்.

உண்ணி, பாம்பு ஆகியவற்றிலிருந்து எப்படிக் காப்பது? (வெருலம்)

பாம்பைவிட உண்ணிக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். நம் நாட்டில் பிலியரி நோயை உண்டாக்கும் பபேசியா ரோசி (Babesia rossi) என்னும் கிருமி உண்ணி வழியாகப் பரவி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. நாய் சோர்ந்து உணவை மறுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பானால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மறுநாள்வரை பொறுப்பது உயிருக்கு ஆபத்து. தடுப்பு மருந்து கொடுத்திருந்தாலும் ஒவ்வொரு முறை திரும்பியதும் காதுகளையும் விரலிடுக்குகளையும் தடவிப் பாருங்கள். தோலைத் துளைத்து உள்ளே நகரும் புல் விதைகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சாணவண்டைத் தின்னும் நாய்க்கு ஸ்பைரோசெர்கா புழு தொற்றி உணவுக்குழாயில் கட்டிகள் உருவாகும். அதற்குரிய தடுப்பு மருந்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படியே கட்டாயம்.

குளிர்காலத்திலும் வெயில் படும் வடக்குச் சரிவுகளில் பஃப் ஆடர் பாம்பு காய்ந்துகொண்டிருக்கும். கடிபட்ட நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். ரிங்கால்ஸ் பாம்பு கண்ணில் நஞ்சு உமிழ்ந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள்.

துப்பாக்கிக்கு எந்த அளவு ரவை? (டண்டி)

நாய் நிற்கும் பறவை அருகிலேயே எழுவதால் 12 அல்லது 20 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியில் 6 அல்லது 7 எண் ரவை போதும். பறவைக்குப் பின்னால் வானம் தெரியாதவரை சுடாதீர்கள். தாழப் பறக்கும் பறவைக்கும் துள்ளும் நாய்க்கும் இடைவெளி மிகச் சிறிது.

புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டில் இறைச்சி சேர்ப்பதில்லை. அந்த மாதம் பயிற்சி தடைபடாதா? (ஃபீனிக்ஸ்)

தடைபடாது. அது இங்கே வசந்தகாலம். கௌதாரிகள் பல இணை சேர்ந்து முட்டையிடும் நேரமாதலால், நாயைப் புல்வெளியில் அவிழ்த்துவிடாமல் இருப்பதே முறை. வீட்டுத் தோட்டத்தில் "நில்" என்ற ஒரே கட்டளையை, உணவுத் தட்டின் முன்பும், வாயிற்கதவைத் திறக்கும்போதும், பக்கியிலிருந்து இறங்கும் முன்பும் நாள்தோறும் பழக்குங்கள். நாயின் தட்டில் இறைச்சி இருக்கலாமா என்பதை வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன்.