இரவு மின்சாரம்

கேள்வி: காற்றாலையும் சூரிய மின்சாரமும் இரவில் கைகொடுக்காதபோது, கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களைப் பெருக்குவதுதானே வழி? (வாசகர், திருப்பூர்)

பதில்: இரவில் கைகொடுக்காது என்பது சூரிய மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குப் பருவக்காற்று பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடுவதில்லை. முப்பந்தலின் காற்றாலைகள் நள்ளிரவிலும் சுழல்கின்றன. உங்கள் ஊர் ஆலை முதலாளிகள் பலருக்குச் சொந்தக் காற்றாலைகள் உண்டு, அவர்களைக் கேட்டுப் பாருங்கள். காற்று மிகுந்து தேவை குறைந்த நேரங்களில், உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வருவதையும் சொல்வார்கள். கையில் இருக்கும் மின்சாரத்தை இப்படி வீணாக்கிவிட்டு அணு உலை கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதை மீண்டும் எழுதுகிறேன்: நமக்குக் குறைவாக இருப்பது சேமிப்பு. ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980களிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிகும்போது கீழ் அணையின் நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு வரும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவு நல்ல முன்மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, குந்தா நீரேற்றுத் திட்டத்தைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தோமே, அதுதான் என் தீராத மனக்குறை.

அக்டோபருக்குப் பின் காற்று தளர்ந்துவிடும் என்பதும், அதை ஈடுகட்ட நீரேற்று நிலையம் மட்டும் போதாது என்பதும் உண்மை. எனவே ஓடிக்கொண்டிருக்கும் கூடங்குளம் உலைகளை மூடச் சொல்லவில்லை. நிலக்கரியை எரித்துக்கொண்டே, 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளை ஜெர்மனி மூடியது தவறான வரிசை என்றே கருதுகிறேன். ஆனால் புதிய உலை என்றால் எத்தனை காலம் காத்திருப்பது? கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 1988இல், மின்சாரம் வந்தது 2013இல். கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய வேக ஈனுலை என்ற வகை அணு உலையில், உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமோ ஓராண்டுக்குள் எழுந்து நின்றது.

பயன்படுத்திய எரிபொருளை நிரந்தரமாக எங்கே வைப்பீர்கள் என்று கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் கேட்டபோது, அவர்கள் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. அந்த இடம் எது என்பதை அரசு முதலில் அவர்களிடம் சொல்லட்டும். புதிய உலைகளைப் பற்றிய பேச்சு அதன் பிறகு தொடங்கட்டும்.