கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம்?

கேள்வி: நாங்கள் நால்வர், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். அமைதியை வளர்க்கும் சமூகத் தொழில் யோசனைகளுக்கான மாணவர் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். பழைய மோதல் ஒன்றால் பேச்சு அற்றுப்போன இரண்டு குடியிருப்புகளின் இளைஞர்களைச் சேர்த்து, பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது எங்கள் திட்டம். ஒரு பக்கத்தினர் பழுதுபார்ப்பார்கள், மறுபக்கத்தினர் கணக்கைக் கவனிப்பார்கள். "லாபம் பார்த்தால் அது எப்படிச் சமாதானப் பணியாகும்?" என்கிறாள் என் தோழி. "ஐயாயிரம் பேர் பயன்பெறுவார்கள் என்று எழுதினால்தான் பரிசு கிடைக்கும்" என்கிறான் இன்னொருவன். யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

தோழியின் கேள்விக்கு முதலில் வருகிறேன். 2006ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு வங்கதேசத்தின் முகம்மது யூனுசுக்கும் அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஈடு கேட்காமல் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து, வட்டியோடு திரும்பப் பெறும் வங்கி அது. ஏராளமான மக்கள் வறுமையிலிருந்து மீள வழி காணாதவரை நிலையான அமைதி வராது என்பது பரிசுக் குழு சொன்ன காரணம். ஆகவே லாபம் வருவதில் தவறில்லை. அது யாருக்குப் போகும், எதற்குச் செலவாகும் என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதிவிடுங்கள், போதும்.

என் கவலையெல்லாம் நீங்கள் கேள்வியாகவே கேட்காத ஒரு வரியைப் பற்றியது. ஒரு பக்கத்தினருக்குப் பழுதுவேலை, மறுபக்கத்தினருக்குக் கணக்கு என்கிறீர்களே, அந்தக் கடையைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒருவன் தரையில் குந்தி, கையெல்லாம் கிரீஸ் அப்ப, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறான். இன்னொருவன் மேசைக்குப் பின்னால் கல்லாப்பெட்டிச் சாவியோடு உட்கார்ந்திருக்கிறான். மாலையில் இவன் தன் பங்குக்காக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். சில வாரங்களிலேயே அது முதலாளி பக்கம், வேலைக்காரன் பக்கம் என்று ஆகிவிடும். ஓய்ந்து கிடக்கும் மோதலுக்குப் புதிய காரணம் ஒன்றை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாக முடியும்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பகைத்தவர்களை ஒரே இடத்தில் சேர்ப்பதால் மட்டும் வெறுப்பு குறையாது. அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், ஒரே இலக்குக்காகக் கைகோத்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதே ஆண்டு அமெரிக்காவில் முசாபர் ஷெரீப் என்ற இன்னொரு உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஒரு முகாம் நடத்தினார். போட்டிகள் வைத்ததும் பகை மூண்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது சாப்பாட்டையே ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனதும்தான் இரு அணியும் சேர்ந்து கோளாறைத் தேடிப் போயின. அப்படிப் பல வேலைகளை ஒன்றாகச் செய்த பிறகே பகை தணிந்தது. தண்ணீரை நிறுத்தியதே ஆய்வாளர்கள்தான். பிள்ளைகளை அப்படி ஏமாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் சேர்ந்து உட்காருவதற்கும் சேர்ந்து உழைப்பதற்கும் உள்ள தூரம் அதில் நன்றாகத் தெரிகிறது.

எனவே வேலையைப் பக்கவாரியாகப் பிரிக்காதீர்கள். இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் என்று ஜோடி சேருங்கள். ஒரு சைக்கிளைக் கழற்றுவதிலிருந்து வாடகைக்கு விட்டுக் கணக்கெழுதுவது வரை அந்த ஜோடியே செய்யட்டும். கல்லாப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, பக்கத்துக்கு ஒரு சாவி கொடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: அந்த இளைஞர்களிடம் இதைப் பேசிவிட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர்கள் சொன்னதாக ஒரு சொல்கூட இல்லை. இரு பக்கத்துப் பெரியவர்களையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை அனுப்பத் தயங்கினால் ஏன் என்று கேட்டு, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றுங்கள்.

அந்த ஐயாயிரத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். நடுவராக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், அப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஈராக்கில் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணிகளில் சேர்த்து ஆராய்ந்த சல்மா மூசா, 2020இல் வெளியிட்ட முடிவில் எவ்வளவு கவனமாக இருக்கிறார் பாருங்கள். கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய முன்வந்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, அறியாதவர்களிடம் பழகுவதில் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை. இரண்டையுமே அவர் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைதான் எனக்கு அவர்மேல் மதிப்பை உண்டாக்கியது.

அந்த எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கடைசித் தேதிக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பத்துச் சைக்கிள், மூன்று ஜோடி. ஒவ்வொரு சைக்கிளுக்கும் டியூப், செயின், பிரேக் கட்டை என்று என்ன செலவானது, எவ்வளவு நேரம் பிடித்தது, எத்தனை நாள் வாடகையில் அந்தச் செலவு திரும்பும் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த ஞாயிறு எத்தனை பேர் தாமாகத் திரும்பி வந்தார்கள் என்பதையும் குறியுங்கள். ஆறு பேரில் நால்வர் வந்திருந்தால் நான்கு என்றே எழுதுங்கள். வராத இருவரிடம் காரணம் கேட்டு அதையும் சேர்த்து எழுதி, அந்தப் பக்கங்களைப் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.