எந்த மரத்தை விடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வவுனியாவில் அப்பா தேக்கு வைத்த 2 ஏக்கர் காணி இருக்கிறது. மரங்களுக்கு இப்போது 9 வயது. இன்னும் ஒன்றையும் வெட்டவில்லை. ஒரு வியாபாரி வந்து, “பெருத்த மரம் 200ஐ எனக்குத் தாங்கோ, மெலிஞ்சதெல்லாம் பிறகு வளரும்” என்கிறார். நல்ல விலை சொல்கிறார். கொடுக்கலாமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி. மெலிந்து நிற்பவை இளமரங்கள் அல்ல. எல்லாமே அப்பா ஒரே மாரியில் நட்டவைதானே? 9 வயதிலும் ஒரு மரம் கைமொத்தத்தில் நிற்கிறதென்றால், வெயிலுக்கும் தண்ணீருக்கும் நடந்த போட்டியில் அது பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். பெருத்ததைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது அந்தப் பின்தங்கியவைதான். வியாபாரி உங்கள் தோட்டத்தின் மூலதனத்தையே கேட்கிறார்.

2 மீற்றர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1000 கன்று பிடிக்கும். கடைசி அறுவடைவரை நிற்க வேண்டியது அதில் 100 அளவில்தான். மற்றவற்றைப் பல தவணையாக எடுப்பதைத்தான் ஐதாக்கல் என்கிறோம். வெள்ளைப் பெயின்ற் வாளியோடு காணிக்குப் போங்கள். வெட்ட வேண்டியதைத் தேடாமல், விட வேண்டியதை முதலில் தேடுங்கள். நேரான, கவர் விழாத, காயமில்லாத மரத்துக்கு நெஞ்சளவில் ஒரு வளையம் போடுங்கள். அதன் தலையோடு தலை முட்டுகிற பக்கத்து மரம்தான் வெட்டுக்குப் போக வேண்டியது. இதுவரை நெருக்கமாக வளர்ந்த தோட்டம் என்பதால் ஒரே தடவையில் நிறைய எடுக்க வேண்டாம். திடீரென்று வெளிச்சம் விழுந்தால் தேக்கின் உடம்பெல்லாம் நீர்க்கிளை என்கிற சின்னச் சின்னக் கிளைகள் வெடிக்கும். பின்னால் பலகையில் அது கணுவாக நிற்கும். வெட்டியது வேலிக்கட்டைக்கும் பந்தல் காலுக்கும் போகும். காசு குறைவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் யாரைக் கண்டாலும் சொல்வேன். வெட்டுவதைவிட, வெட்டிய கட்டையை வெளியே இழுப்பதில் கவனமாக இருங்கள். மகளின் கட்டிலுக்காக மொரட்டுவையில் ஒரு மரக்காலைக்குப் போயிருந்தேன். அகலமான, அழகான தேக்குப் பலகை ஒன்று. ஆனால் அடிப்பக்கத்தில் விரல் மொத்தத்துக்குக் கறுப்புக் கோடு. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. தேக்கில் வருட வளையம் தெளிவாகத் தெரியும். நடுவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 9ஆவது வளையத்தில் பட்டை கிழிந்திருக்கிறது. ஐதாக்கும்போது யாரோ கட்டையை இழுத்த சங்கிலி உரசிப் போன இடம். அதன் பிறகு 17 வருடம் அந்த மரம் காயத்தை மூடி மூடி வளர்ந்திருக்கிறது, உள்ளே அழுகல் இருந்தபடியே. மரத்தில் அதிக விலை போவது அடிக்கட்டைதான். சங்கிலி உரசுவதும் அங்கேதான். அதனால் உழவு இயந்திரம் காணி முழுக்க அலையக் கூடாது. சில வரிசைகளை முழுதாக எடுத்துப் பாதையாக்கி, அதிலேயே போய் வரச் சொல்லுங்கள். வெட்டிய கிளைகளை அந்தப் பாதையில் பரப்பினால் சில்லு மண்ணை இறுக்குவதும் குறையும்.

கட்டைகளை லொறியில் ஏற்றுமுன் அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆள் மரம் வெட்டுவதைக் கடிகாரத்தோடு நின்று அளப்பதும் ஒரு ஆராய்ச்சியா சேர்?
– தெஹிவளை மாணவர்

பதில்: ஆமாம் தம்பி, நானே அதைச் செய்தவன். நிமிடத்தை 100 ஆகப் பிரித்த கடிகாரம். மரத்தடிக்கு நடப்பது, அடி துப்புரவாக்குவது, விழும் பக்கத்தில் முன்வெட்டு, எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு, கிளை கழிப்பது, துண்டு போடுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்போம். அதில் தெரிய வருவது என்ன? சின்ன மரத்துக்கும் நடக்க வேண்டும், குனிய வேண்டும். உயரம் ஒன்றாக இருந்தால் 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்தில் 10 சென்ரிமீற்றர் மரத்தைப் போல 4 மடங்கு கட்டை. நேரம் 4 மடங்கு ஆகாது. முதல் ஐதாக்கலில் கையைக் கடிப்பது இதனால்தான்.

சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்தார்கள். அங்கே இயந்திரம் போக 4 மீற்றர் அகலப் பாதை, 20 மீற்றருக்கு ஒன்று. பாதையில் நின்றபடியே 10 மீற்றர் நீளக் கையை நீட்டி, மரம் மரமாகத் தேர்ந்து வெட்டுவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, கை போகும் திசையில் 1 அல்லது 2 மீற்றர் அகலத்துக்கு ஒரு ஒடுங்கிய கீற்றை வெட்டி, பல சின்ன மரங்களை ஒரே பிடியில் அள்ளிப் பார்த்தார்கள். நெருக்கமான இளங்காட்டில் வேலை வேகமானது. கீற்றுக்குள் அகப்பட்ட நல்ல மரமும் போய்விடும் என்பது உண்மை. ஆனால் கீற்றுக்கும் கீற்றுக்கும் நடுவில் போதிய மரம் நிற்கிறது. இந்தக் கணக்கெல்லாம் கடிகாரத்தோடு நின்றவர்களால் வந்தது.

கேள்வி: வெட்டிய மரம் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து நின்றால் என்ன செய்வது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நெருங்கிய தோட்டத்தில் அடிக்கடி நடப்பது. தாங்கி நிற்கும் மரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஆள் செத்துப்போகிற வேலை அது. சாய்ந்த மரத்தின் கீழே நடக்கவும் வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவும் வேண்டாம். அடியில் நீளமான கயிற்றைக் கட்டி, தள்ளி நின்று, மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாக அடியை இழுங்கள். அசையாவிட்டால் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) வரும்வரை சுற்றிலும் கயிறு கட்டி, பிள்ளைகள் கிட்டப் போகாதபடி ஒரு ஆளை நிறுத்துங்கள்.